ஒரே போர், இரண்டு வழிகள்

கேள்வி: பேரிடர் வந்தால் ஏழை, பணக்காரர் எல்லோரும் ஒன்றுதானே?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஆபத்து எல்லார் வீட்டுக் கதவையும் தட்டும், தப்பிக்கும் வழி மட்டும் கையிருப்பைப் பார்த்தே திறக்கும். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். வசதியுள்ளவர்கள் ரங்கூனில் கப்பலேறினர். வயலிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களோ மணிப்பூர் எல்லைவரை காடும் மலையும் நடந்தே கடந்தனர். பசியாலும் காலராவாலும் பல்லாயிரம் பேர் மாண்டனர். லேவாதேவி செய்த நம் நகரத்தார் அங்கே பெருநிலங்களை இழந்தார்கள், உண்மைதான். ஆனால் அவர்களுக்குத் திரும்பிவரச் செட்டிநாட்டில் வீடு காத்திருந்தது. கூலிகளில் பலருக்கு அதுவும் இல்லை. புயலோ, வெள்ளமோ, போரோ, நிவாரணம் வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்க வேண்டும். அவர்தான் முதலில் ஊரை இழப்பவர்.