ஆச்சியின் ரவிவர்மா

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு மகாலட்சுமி நிற்கிறாள். ஆச்சி கண்ணாடி போட்டு வைத்த படம். "அசல் ரவிவர்மா பிரஸ்" என்று இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். நம்ம கிளிமானூர்க்காரர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் போட்டது, பிறகு அது லோனாவாலா பக்கம் போனது, கடைசியில் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரர் கைக்கு வந்தது என்று காப்பி ஆறும்வரை விடமாட்டேன்.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து அத்தான் வந்தார். ஆர்ட் கேலரிக்குக் கூட்டிப்போய், அன்னத்தோடு நிற்கும் தமயந்தி முன்னால் நிறுத்தி, "இதே ஆள் வரைஞ்சதுதான் நம்ம வீட்டு லட்சுமி" என்றேன். அத்தான் நம்பிவிட்டார். அதுதான் வினை. பழைய படம் சேர்க்கும் நண்பர் ஒருவரை மறுநாளே லென்ஸோடு கூட்டிவந்துவிட்டார்.

"அண்ணாச்சி, புள்ளியெல்லாம் அசெம்பிளியில நிக்கிற பிள்ளைங்க மாதிரி வரிசையா இருக்கு. கல்லச்சுன்னா மணலை விசிறுன மாதிரி கலைஞ்சு கிடக்கும்" என்றார் நண்பர்.

ரவிவர்மாவின் மறுபதிப்பாக இருக்கும் என்று சமாளித்தேன். அந்த வாயோடு சட்டத்தையும் கழற்றினேன். உள்ளே மடித்திருந்த அடிப்பக்கத்தில் சாலைக் கடைத்தெரு பாத்திரக்கடை ஒன்றின் பெயர், தமிழிலும் மலையாளத்திலும். ஓரத்தில் பொடி எழுத்தில் 'சிவகாசி'. காலண்டரில் தேதித்தாள் தீர்ந்ததும் ஆச்சி படத்தை வெட்டி, அடியை மடித்துச் சட்டம் போட்டிருக்கிறாள்.

லட்சுமிக்குப் பின்னால் குஞ்சம் வைத்த திரைச்சீலை, ரெண்டு பக்கமும் அரண்மனைத் தூண். பாற்கடலில் திரைச்சீலைக்கு என்ன வேலை? நாடகக் கம்பெனிகளுக்கு சீன் எழுதிய கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும், நாடகம் நொடித்தபின் சிவகாசிக்குச் சாமி படம் வரைந்து கொடுத்தார்கள். அந்த மேடைதான் காலண்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தினம் விளக்கேற்றிக் கும்பிட்டும் அந்தக் குஞ்சம் ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை.

கழற்றியதுதான் கழற்றினோம், கற்பூரக் கரியைத் துடைத்துவிடலாம் என்று ஈரப்பஞ்சை எடுத்தேன். லட்சுமியின் மூக்குத்தி பஞ்சோடு வந்துவிட்டது.

நேற்று அத்தான் போனில், "படத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புடே" என்றார். சட்டம் மாற்றக் கடைக்குப் போயிருக்கிறது என்றேன். படம் அலமாரியில்தான் இருக்கிறது. பிச்சிச் சரத்தைக் கொஞ்சம் இறக்கிப் போட்டால் மூக்கு மறைந்துவிடுகிறது.