கலகெதர ஏற்றத்தில் ஒரு புதிய பந்தயக் கார்: முச்சக்கர வண்டியின் ஓட்டப் பண்புகள்

முச்சக்கர வண்டியைப் பந்தயக் கார்களின் வகையில் சேர்க்காமல் விட்டதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. இயந்திரம் பின்னால் இருந்து பின் சில்லுகளைச் சுழற்ற வேண்டும் என்பது அவ்வகையின் புகழ்பெற்ற இலக்கணங்களில் ஒன்று. 1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகமான போர்ஷே 911 அப்படி அமைந்தது, பஜாஜ் ஆர்.ஈ. முச்சக்கர வண்டியும் அப்படியே. சாரதி வண்டியின் நடுக்கோட்டில் அமர, பயணிகள் அவருக்குப் பின்தள்ளி இருபுறமும் அமரும் ஏற்பாட்டை 1992இல் மெக்லாரன் எஃப்1 காரில் கோர்டன் மரே செய்தபோது உலகம் வியந்தது. அந்தக் கார் மொத்தம் 106தான் செய்யப்பட்டது. கலகெதரச் சந்தியில் பாடசாலை விடும் நேரத்தில் நின்றால் அதே இருக்கை ஏற்பாட்டை வரிசையாகக் காணலாம். கூரை துணியால் ஆனது, கதவு கிடையாது. எஞ்சும் வேறுபாடு ஒரு சில்லும் சில நூறு குதிரைவலுவும் மட்டுமே.

புதிய வண்டி எது என்பதில் சற்றுத் தெளிவு தேவை. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 தொடக்கத்தில்தான் பொதுவாகத் திறந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் உற்பத்தி ஆண்டை வைத்துப் புதுமையை அளப்பது பொருளற்றுப் போனது. ஆகவே இக்கட்டுரை பொலித்தீன் அளவுகோலை ஏற்கிறது: இருக்கையின் பொலித்தீன் உறை கிழிக்கப்படாதவரை வண்டி புதியது. வெயில் நேரத்தில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும் இந்த உறை, வளைவுகளில் பயணியை இடம்பெயராமல் பிடித்துவைக்கும் பணியையும் செய்கிறது. இதே பணிக்காகப் பந்தயக் கார்களில் விலையுயர்ந்த வாளி இருக்கைகள் பொருத்தப்படுகின்றன.

சோதனைக் களமாகக் கலகெதரயைத் தெரிவுசெய்தது தற்செயலானதன்று. கண்டி மேட்டுநிலத்துக்கு மேற்கிலிருந்து ஏறும் வாசல்களில் இது ஒன்று. 1803 பெப்ரவரியில் கொழும்பிலிருந்து வந்த பிரித்தானியப் படை, இங்கும் கிரிஹாகமையிலும் இருந்த அரண்களைப் பிடித்த பிறகே கண்டிக்குள் நுழைந்தது. ஊரில் இருக்கும் மடிகே என்னும் பகுதியின் பெயர், பொதிமாடுகளைக் கொண்டு அரச போக்குவரத்தை நடத்திய கண்டி இராச்சியத்தின் மடிகே திணைக்களத்தை நினைவூட்டுவது. வாடகைக்கு ஏற்றிச்செல்லும் தொழிலில் இவ்வூருக்குள்ள மரபு, பெட்ரோலுக்கு மிகவும் முற்பட்டது. இன்று குருநாகலிலிருந்து மாவத்தகம வழியாக வரும் ஏ10 வீதி, கலகெதரயை அண்மித்ததும் மலையில் ஏறத் தொடங்கி, வளைந்து வளைந்து கட்டுகஸ்தோட்டை நோக்கிப் போகிறது.

ஏற்றத்தில் வண்டியின் நடத்தை கண்ணியமானது. ஏறத்தாழ 200 சிசி இயந்திரம், ஏறத்தாழ பத்துக் குதிரைவலு, பின் இருக்கையில் ஒரு உம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு மூடை அரிசி. இடக்கைப் பிடியைத் திருகி மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதற்கு இறக்குவது இங்கு ஒரு கலை. நேரத்தோடு இறக்கினால் வண்டி மூச்சுவாங்காமல் ஏறும். தாமதித்தால் முதலாம் கியர்தான் கதி, பின்னால் வரும் பேருந்தின் ஹோர்ன் அதற்கான தண்டனை. இயந்திரம் பயணியின் முதுகுக்கு மிக அருகில் இருப்பதால் ஒலி காதைவிட முள்ளந்தண்டின் வழியாகவே அதிகம் கேட்கும். இத்தாலியில் இத்தகைய ஒலிக்கென்றே பொறியியலாளர்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.

இறக்கமே உண்மையான பரீட்சை. முன்னே ஒரு சில்லும் பின்னே இரண்டுமாக நிற்கும் வண்டியின் தாங்குதளம் ஒரு முக்கோணம். வளைவில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னோக்கி, அதாவது முக்கோணம் ஒடுங்கும் திசையில், நகர்கிறது. கவிழும் வாய்ப்பு அப்போதுதான் கூடுகிறது. ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும் என்று பந்தயப் பாடசாலைகள் பணம் வாங்கிக்கொண்டு சொல்லும் விதி, இங்கே பிழைத்திருப்பதற்கான விதி. பின் அச்சுக்கு அருகில் அமரும் பயணிகள் வண்டியை நிலைப்படுத்துகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. ஏறிய பயணி கட்டணம் செலுத்தும் பாரமாகிறார். வெற்று வண்டியே அதிகம் அஞ்சத்தக்கது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் முறையும் வழக்கில் உண்டு. அது இயந்திரம் தரும் தடுப்பை முற்றாக இழப்பது என்பதால் இக்கட்டுரை அதை ஓட்டமாகக் கருதவில்லை, விழுதலாகவே கருதுகிறது.

வேகம் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் தவறான தீர்ப்புகள் எழுவது இங்கேதான். நகர்ப்பகுதியில் முச்சக்கர வண்டிக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது சட்டம். அதிவேக நெடுஞ்சாலைகளில் அனுமதியே இல்லை. கதவடைத்து, குளிரூட்டி, காதைப் பொத்திவைத்த நவீன பந்தயக் காரில் 40 என்பது நிற்பதற்குச் சமம். எட்டு அங்குல விளிம்புள்ள சில்லின் மீது, தார் வீதி பாதத்துக்குச் சற்றுக் கீழே ஓட, எதிரே வரும் லொறியின் காற்று சட்டைக்குள் நுழைய, அதே 40 வேறொரு பொருளைப் பெறுகிறது. பந்தயக் கார் வாங்குபவர் உண்மையில் வாங்குவது வேகத்தையா, வேகமாகப் போகிறோம் என்ற உணர்வையா என்ற கேள்விக்குப் பின்னதே விடையென்றால், முச்சக்கர வண்டி அதை ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் வழங்கிவிடுகிறது. நுவரெலியாவில் 1934 முதல் புகழ்பெற்ற மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வீதியோரம் திரள்கிறார்கள். கலகெதரயில் அந்தப் பரபரப்பு, பார்வையாளரை வண்டிக்குள்ளேயே ஏற்றிவிடுகிறது.

கருவிப் பலகை பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேகமானி பெரும்பாலும் துஆ எழுதிய ஒட்டுப்படத்துக்கோ பிளாஸ்டிக் பூமாலைக்கோ பின்னால் மறைந்திருக்கும். பெட்ரோல் அளவை வண்டியை ஆட்டிப் பார்த்து அறிவதே பழைய சாரதிகளின் முறை.

எரிபொருள் சிக்கனத்தில் போட்டியாளர் எவரும் கிட்ட நெருங்க முடியாது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர் ஒதுக்கப்பட்டது. பெட்ரோல் செட்டில் வரிசையில் நின்று பெற்ற அந்த ஐந்து லீற்றரில் வீட்டுச் செலவும் ஓட வேண்டியிருந்தது.

கொள்வனவு விலையைவிடப் பயன்பாட்டு விலையே ஆய்வுக்குக் கடினமானது. மீற்றர் இல்லாத வண்டியில் “எவ்வளவு தம்பி?” என்று கேட்டால் “பார்த்துத் தாங்க நானா” என்பதே விடை. பார்த்துத் தரும் தொகை ஒருபோதும் போதுமானதாக இருப்பதில்லை. மழையில் அது கூடும், இரவிலும் கூடும், ஹத்தரலியத்தப் பக்கம் திரும்பும் உள்வீதி என்றால் திரும்பி வரும் வெற்று ஓட்டத்துக்கும் சேர்த்துக் கூடும்.