ஏழாம் தலைமுறையின் விண்ணப்பம்

பெறுநர்: மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார், ரெட்மண்ட், அமெரிக்கா.

பொருள்: ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிப்போடச் சொன்னது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐக் கைகழுவினீர்கள். அன்றுவரை எக்செல் திறந்து, யூடியூப் ஓட்டி, கரண்ட் பில் கட்டிய பெட்டிகள் மறுநாளும் அதையேதான் செய்தன. இந்த அடங்காத்தனத்துக்கு அவற்றின் சார்பில் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது ஆகாதாம். 2017 ஜனவரியில் வந்த ஏழாம் தலைமுறை ஐ7-7700கே, நான்கு கோர், 4.2 கிகாஹெர்ட்ஸ், அது வாசலிலேயே நிற்கிறது. அதே ஆண்டுக் கடைசியில் வந்த செலரான் என்4000, இரண்டு கோர், 1.1 கிகாஹெர்ட்ஸ். பிரௌசரில் நாலு டேப் சேர்ந்தாற்போல் திறந்தால் மூச்சு வாங்கும். அதற்கு உங்கள் பட்டியலில் இடம் உண்டு!

எல்லாம் பாதுகாப்புக்காக என்கிறீர்கள். நீங்கள் கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏழாம் தலைமுறையில் பலவற்றில் அது ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பயாஸில் போய் ஆன் செய்தால் போதும். செய்தாலும் ஆகாது என்கிறீர்கள். நீங்களே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருந்ததும் ஏழாம் தலைமுறை ஐ7தான். அதன் டிரைவர்கள் நவீனமானவை என்று விளக்கம் சொல்லி உள்ளே விட்டீர்கள். சொந்தப் பிள்ளை, விடாமல் இருக்க முடியுமா?

மற்றவர்களுக்கு சனிப்பெயர்ச்சி போலப் பரிகாரம் சொன்னீர்கள்: 30 டாலர் கட்டலாம், அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி கொடுக்கலாம், அல்லது செட்டிங்ஸை உங்கள் கிளவுடில் ஏற்றலாம். விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும், தோஷம் ஓராண்டு தள்ளிப்போகும். அதாவது, பழைய பெட்டிக்கும் பாதுகாப்புக் கொடுக்க உங்களால் முடியும்.

வீட்டுக் கணக்கும் மெயிலும் பார்ப்பவருக்குப் புது சிஸ்டம் எதற்கு? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு எஸ்எஸ்டி போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கினால் போதும். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வரும் வழக்கம்தான் போய்விடும்.

2030-க்குள் கார்பன் நெகட்டிவ் ஆவோம் என்று 2020-இல் உலகறிய வாக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். ஆகவே ஏழாம் தலைமுறைக்காரர்கள் எல்லோரையும் சர்ஃபேஸ் ஸ்டூடியோவின் பங்காளிகளாகக் கருதி, உள்ளே அனுமதிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லினக்ஸ் மின்ட் இலவசமாகத்தான் கிடைக்கிறது.

இப்படிக்கு,
பழைய பெட்டிக்காரன்