தூணுக்குத் தோட்டம், மரத்துக்குச் சிமென்ட்

நகரத்தைப் பசுமையாக்குவதில் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதலில் சாலையோரப் புளிய மரத்தின் பட்டையைச் செதுக்கி, வெள்ளையடித்து, எண் போடுவார்கள். அப்புறம் அறுத்து ஏலம் விடுவார்கள். அந்த இடத்தில் மேம்பாலம் எழும்பும். தூண் மொட்டையாக நிற்கிறதே என்று அப்போதுதான் மனசு கேட்காமல், இரும்புச் சட்டம் அடித்து, பிளாஸ்டிக் தொட்டிகளைச் சொருகி, 'செங்குத்துத் தோட்டம்' என்று பலகை மாட்டுவார்கள்.

சென்னையில் அப்படியொரு தூணைக் கோடையில் கிட்டப் போய்ப் பாருங்கள். மேல் வரிசையில் செடி சருகாகிவிட்டது. நடு வரிசையில் தொட்டியையே காணோம். சொட்டுநீர்க் குழாய் அறுந்து தொங்குகிறது. கீழ்த்தொட்டியில் மட்டும் டீக் கப் செழித்து வளர்கிறது. பாலத்தடியில் வெயிலும் விழாது, மழையும் படாது. லாரித் தண்ணீர் வந்தால்தான் உண்டு. புளிய மரம் யாரிடமும் லாரி கேட்டதில்லை. ஆகவே அதற்கு டெண்டர் இல்லை. டெண்டர் இல்லாத உயிரை எந்த மடையன் காப்பாற்றுவான்?

தப்பிப் பிழைத்த மரங்களின் கதி வேறு. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வழக்கொன்றில் 2013-லேயே சொல்லிவிட்டது. இங்கே அடிமரத்தை ஒட்டியே நடைபாதைக் கல் பதிக்கிறார்கள். வடிகால் தோண்ட வரும் பொக்லைன் ஒரு பக்க வேரை அறுத்துவிட்டுப் போகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, 'அயல்நாட்டு மரம் சார், வேர் பிடிக்காது' என்று செத்த மரத்தின் மேலேயே பழி போட்டோம். வேரை வெட்டியவனைக் கேட்க நாதியில்லை.

இதற்கெல்லாம் நடுவே சிங்கப்பூருக்குப் படிப்புப் பயணம் வேறு! அங்கே அன்றைய பிரதமர் லீ குவான் யூ 1963-இல் மரம் நடும் இயக்கம் தொடங்கினார். இணை மேம்பாலங்களுக்கு இடையே வெயிலும் மழையும் இறங்க இடைவெளி விட்டார்கள். அந்தச் சாலைகளுக்குக் குடை பிடிப்பது நம்மூரிலும் நிற்கிற தூங்குமூஞ்சி மரம்தான். அதன் நிழலில் படம் எடுத்துக்கொண்டு வந்து, இங்கே சாலை நடுத்திட்டுக்குப் பிளாஸ்டிக் புல் வாங்குவார்கள்.

ஒன்று வெட்டினால் பத்து நடுகிறோம் என்பார்கள். எங்கே? ஊருக்கு வெளியே ஏதோ ஒரு புறம்போக்கில். பஸ்ஸுக்கு நிற்கிற கிழவி நிழலுக்கு அங்கே போய்விட்டு வர வேண்டுமாம்!

தமிழ்நாட்டில் பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ரம்பத்தோடு ஆள் வந்தால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.