உரித்தலியல்: விருத்தாசலத்து வண்டி ஸ்டிக்கர்கள் குறித்த ஓர் ஆய்வு

வண்டிக்கு ஸ்டிக்கர் போடும் கடை ஒட்டித்தான் பிழைக்கிறது என்பது டீக்கடை அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கருத்து. இக்கட்டுரை அதை அடியோடு மறுக்கிறது. அந்தக் கடையின் அறிவெல்லாம் உரிப்பதில்தான் இருக்கிறது. ஒட்டுவது அதற்கான முன்னேற்பாடு, அவ்வளவே.

இந்த ஆய்வுக்கு விருத்தாசலத்தை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. நெய்வேலிக் களிமண் பக்கத்திலேயே கிடைக்க, கொலு பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் கேரியரும் செய்து பழகிய ஊர். செராமிக் படிக்க அரசு பாலிடெக்னிக்கே இங்கே உண்டு. பீங்கான் கோப்பையில் பூப்படம் ஒட்டி 800 டிகிரி வாக்கில் சுட்டால், மேலிருக்கும் மெருகு இளகி நிறத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். அப்புறம் கோப்பை உடைந்தாலும் பூ போகாது. வண்டி ஸ்டிக்கருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்குப் பிடிமானம் வெறும் பசை. சூளை, சித்திரை வெயில். வேனையே சூளையில் வைத்தால் என்ன என்ற யோசனையும் பரிசீலிக்கப்பட்டு, டீசல் டேங்கை உத்தேசித்துக் கைவிடப்பட்டது.

இனி மூலப்பொருள். வினைல் இரண்டு சாதி. ஒன்று, சூடான உருளைகளுக்கு நடுவே சப்பாத்தி போலத் தேய்த்து எடுப்பது. பெரும்பாலும் 75 முதல் 100 மைக்ரான் கனம். இன்னொன்று, திரவமாக ஊற்றிக் காயவைத்து எடுப்பது. சுமார் 50 மைக்ரான். தேய்த்த வினைல் தான் இழுபட்டதை மறப்பதில்லை. வெயில் ஏறஏறப் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், ஓரம் தூக்கும். ஊற்றிய வினைலுக்கு அந்தப் பழிவாங்கும் குணம் குறைவு. வேறு ஊரில் இதை விளக்க அரை நாள் ஆகும். பிளாஸ்டர் அச்சில் மண் கரைசலை ஊற்றிப் பொம்மை வார்க்கிறவர்களும், வளைத்து நிமிர்த்திய மண் சூளைக்குள் போய்த் திரும்ப வளைந்துகொள்வதைப் பார்த்தவர்களும் இருக்கும் ஊரில் ஒரு வரி போதும். ஆனாலும் குட்டி யானை வைத்திருப்பவர் விலையைக் கேட்டதும் தேய்த்த வினைலையே கேட்கிறார். “கம் நிக்கும்ல தம்பி?” “நிக்கும்ணே.” எதுவரைக்கும் என்பதை இருவருமே பேசுவதில்லை.

வடிவியல் பக்கமும் கொஞ்சம் போயாக வேண்டும். தண்ணீர் லாரியின் உருளை டேங்கில் தட்டைத் தாள் சுருக்கமில்லாமல் படிந்துவிடும். பம்பர் முனை அப்படியல்ல. இரண்டு திசையிலும் வளைந்தது. அதன்மேல் தட்டைத் தாளை இழுக்காமல், கசக்காமல் படியவைக்க முடியாது என்பது 1827-இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் நிறுவிய தேற்றத்திலேயே அடக்கம். அவரிடம் ஹீட் கன் கிடையாது. பாலக்கரைப் பக்கத்துப் பையன் சூடுகாட்டி இழுத்து, ஸ்க்வீஜியால் தேய்த்து, கடைசியில் 90 டிகிரிக்கு மேல் மறுபடி சூடேற்றி அந்த வினைலுக்குப் பழைய நினைப்பே இல்லாமல் ஆக்கிவிடுகிறான். தேற்றத்தை அவன் மீறுவதில்லை. இழுக்காமல் முடியாது என்றுதானே சொன்னார்கள், அவன் இழுத்துவிடுகிறான்.

நிறத் தகராறு தனிப் பிரிவு. இந்த ஊர் மணிமுத்தாற்றில்தான் சுந்தரர் பன்னீராயிரம் பொன்னைப் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஐதீகம். போடுமுன் மாற்றுப் பார்க்க ஒரு துண்டு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். சிவபெருமானோடு கணக்கு வைத்தவரே சாம்பிள் எடுத்து வைத்திருக்க, வண்டிக்காரர் மட்டும் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு “ஓகே” போடுகிறார். செல்போன் திரையின் சிவப்பு வேறு, மையின் சிவப்பு வேறு. வண்டி வந்த பிறகு, “நான் கேட்டது குங்குமக் கலரு” என்று தகராறு ஆரம்பிக்கும். ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் கடை பிழைத்தது.

இப்போது உரித்தல். கூட்டணி மாறும், பங்காளி பிரிவான், பால் வண்டி தண்ணீர் கேன் வண்டியாகும். போதாக்குறைக்கு அரசும் நீதிமன்றமும் இத்துறைக்கு ஆதரவு தருகின்றன. கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்து போலீஸ், நம்பர் பிளேட்டில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’ என்று போட்டிருந்தவர்களைப் பிடிக்க ஆரம்பித்தது. ஒட்டச் சொல்லும் உத்தரவு இல்லாமலில்லை. சரக்கு வண்டிக்கு முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை வேண்டும், எஃப்.சி. நெருங்கினால் கடையில் கூட்டம். ஆனால் அது அரை மணி வேலை.

உரிப்பது அப்படியா? நாலு வெயில் கண்ட மலிவு ஸ்டிக்கரில், அதை இளக்கமாக வைத்திருந்த எண்ணெய்ப் பொருள் போய்விட்டிருக்கும். ஹீட் கன்னைக் காட்டி, மூலையை நகத்தால் கிளப்பி, தாழ்வாகப் பிடித்து மெதுவாக இழுத்தாலும் அடை அடையாக வராது. நகக்கண் அளவுக்குப் பொறுக்குப் பொறுக்காகத்தான் வரும். அவசரப்பட்டால் கம் வண்டியோடு நின்றுவிடும். அதற்குத் தின்னர் போட்டால் பெயின்டும் சேர்ந்து வரும். ஒரு கதவுக்கு ஒரு முழு மத்தியானம் போகும். ஆகவே உரிக்கும் கூலி ஒட்டும் கூலியை விட அதிகமாக இருப்பதே நியாயம் என்று இந்த ஆய்வு பரிந்துரைக்கிறது. வண்டிக்காரர்கள் ஒருமனதாக எதிர்க்கிறார்கள்.

உரித்த பிறகும் விவகாரம் தீராது. எழுத்து இருந்த இடத்தில் வெயில் பட்டிருக்காது. சுற்றிலும் பெயின்ட் வெளுத்து, எழுத்து மட்டும் புதுப் பளபளப்போடு நிற்கும். வண்டியை வாங்கியவர் பழையவரின் பெயரோடுதான் ஊர் சுற்ற வேண்டும். முழு வண்டிக்கும் பெயின்ட் அடிப்பது ஒரு வழி. செலவைக் கேட்டதும் அந்த வழி அடைபடும். நடைமுறையில் மிஞ்சுவது, அதே இடத்தில் இன்னும் ஒரு சைஸ் பெரிய எழுத்து. மூன்றாவது உரிமையாளருக்கு அதைவிடப் பெரிது. இக்கணக்குப்படி ஐந்தாவது ஆளுக்கு வேனின் பக்கவாட்டே போதாது. அதற்குள் வேன் காயலான் கடைக்குப் போய்விடுவதால், ஆய்வு அந்தக் கட்டத்தை எட்டவில்லை.