ஞாயிற்றுக்கிழமை அப்பா

ஆகஸ்ட் மாத ஞாயிறு. டோக்கியோவின் அசகுசாவில் இருக்கும் சென்சோஜி கோயில் வாசலில் இவரைப் பார்க்காமல் யாரும் உள்ளே போக முடியாது. முதுகில் பை, மார்பில் கைக்குழந்தை, ஒரு கையில் மடக்கிய குழந்தை வண்டி, கழுத்தில் வியர்வைத் துண்டு. வாரமெல்லாம் ஆபீசில் மேலதிகாரிக்குக் குனிந்தவர், இன்று வீட்டாருக்கு.

நிமிஷக் கணக்கில் திட்டம் போட்டிருக்கிறார். டோக்கியோ ரயில்கள் அதை மதிக்கின்றன. ஏழு வயது மகன் மதிப்பதில்லை.

"வாசல்ல தொங்குற அந்தச் சிவப்பு விளக்கு எவ்வளவு கனம் தெரியுமா? 700 கிலோ!" முந்தின இரவு படித்து வைத்தது. மகன் அண்ணாந்து பார்க்காமலே, "தாகமா இருக்குப்பா" என்கிறான்.

கோயிலுக்குப் போகும் நகாமிசே கடைத்தெரு 250 மீட்டர்தான். ஆனால் வழியெல்லாம் தின்பண்டம். நடந்துகொண்டே தின்பது அங்கே மரியாதை இல்லை. கடை முன்னாலேயே நின்று தின்று முடிக்க வேண்டும். அப்புறம் குச்சியை எங்கே போடுவது? 1995இல் சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு டோக்கியோவில் பொதுக் குப்பைத் தொட்டிகள் பெரும்பாலும் காணாமல் போயின. காலியான அந்தப் பணியிடத்தில் நியமனம் பெற்றவர் அப்பா. பாகு ஒட்டிய குச்சி, கசங்கிய ஈரத்தாள், மகள் கடித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்ற பாதி பலகாரம், எல்லாம் "இந்தாங்க" என்று அவர் கைக்கே வருகின்றன. அவரும் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, முடிச்சுப் போட்டு முதுகுப் பைக்குள் வைக்கிறார். ஊருக்கு வாங்கிய பரிசுப் பொருளுக்குக்கூட இவ்வளவு பக்குவம் இல்லை.

கோயிலுக்குள் 100 யென் போட்டு, உலோகப் பெட்டியைக் குலுக்கி, வந்த குச்சியின் எண்ணுள்ள இழுப்பறையிலிருந்து குறிச்சீட்டு எடுக்கிறார். கெட்ட காலமாம். இந்தக் கோயில் அதற்குப் பேர்போனது, தாராளமாகவே கிடைக்கும். "நல்லவேளை, உங்களுக்கு வந்துது. பிள்ளைங்களுக்கு வரலையே" என்கிறார் மனைவி. சீட்டைக் கம்பியில் கட்டிவிட்டால் தோஷம் அங்கேயே நின்றுவிடும் என்பது நம்பிக்கை. கட்டுகிறார், இரண்டு முடிச்சாக.

அடுத்தது ஸ்கைட்ரீ கோபுரம், 634 மீட்டர். 350 மீட்டர் உயரத்துத் தளத்தில் நின்று "நம்ம வீடு எங்கேப்பா?" என்று பிள்ளைகள் கேட்டதும், கொஞ்சமும் தயங்காமல் ஒரு திசையைக் காட்டுகிறார். கண்ணுக்கெட்டிய வரை கட்டடம், மறுக்க ஆளில்லை.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததுதான் தாமதம், தூங்கிவிடுகிறார். இறங்கவேண்டிய நிலையம் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்தும் விடுகிறார். வாரநாட்களில் பழகிய வித்தை.

கோடை விடுமுறைக்குப் பட நாட்குறிப்பு எழுதிவரச் சொல்வது அங்கே பள்ளி வழக்கம். மகன் அன்றைய பக்கத்தில் கோயிலை வரையவில்லை, கோபுரத்தையும் வரையவில்லை. வாயைப் பிளந்து தூங்கும் அப்பாவை வரைந்தான், எச்சில் உட்பட. செப்டம்பரில் ஆசிரியை அதற்குச் சிவப்பு மையில், பாராட்டாக, பெரிய பூ வட்டம் போட்டுக் கொடுத்தார்.