ஆடிட்டர் வீசிய காற்று

தமிழ்நாட்டில் பசுமை மின்சாரத்தில் முதலில் பணம் போட்ட புண்ணியவான்களுக்குப் பூமி சூடாவதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குச் சூடு வைத்தது வருமான வரி. 1990-களின் முற்பகுதியில் கம்பெனி லாபத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் டெல்லிக்குப் போய்விடும். கோவை மில் முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் ஆடிட்டர் வந்து சேர்ந்தார்.

"காத்தாடி ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க."

"எனக்கெதுக்குங்க காத்தாடி? நூல்தானுங்க நமக்குத் தெரிஞ்ச தொழிலு."

"போட்ட காசு பூராத்தையும் தேய்மானம்னு லாபத்துல கழிச்சுக்கலாம். நூத்துக்கு நூறு."

"புதுசா வாங்குன மெஷினு ஒரே வருசத்துல தேஞ்சு போயிருமுங்களா?"

"கணக்குல தேஞ்சுரும். காட்டுல இருபது வருசம் சுத்தும்."

இவ்வளவுதான் பாடத்திட்டம். மறுமாதமே மில்காரர்கள் கார் பிடித்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்து இறங்கினார்கள். அதுவரை அங்கிருக்கும் முப்பந்தல் என்றால் இசக்கியம்மன். வண்டியை நிறுத்திக் கும்பிட்டுப் போகிற இடம். இப்போது அம்மனைச் சுற்றி ராட்சத விசிறிகள்.

இதில் ஒரு கூத்து. காற்றாலை மார்ச் 31-க்குள் ஓடியாக வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷத்துச் சலுகை போச்சு. ஆனால் அந்தக் கணவாயில் காற்று முறையாகக் கிளம்புவதோ மே மாத வாக்கில், தென்மேற்குப் பருவத்தோடு. தென்மேற்குப் பருவம் வருமான வரிச் சட்டம் படித்ததில்லை. ஆகவே காற்றில்லாத மார்ச்சில் கிரேன் கிடைக்காமல் அடிதடி, மின்வாரிய இணைப்புக்கு நடையாய் நடை. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதிச் சலுகைதான் என்பதால் செப்டம்பர் கடைசியிலும் இதே கூட்டம். கல்யாண மண்டபம் போல வருஷத்துக்கு இரண்டு முகூர்த்த சீசன். எவ்வளவு யூனிட் வரும் என்று கேட்டவரை எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார்கள்.

விற்றவர்களுக்கும் தலைகால் புரியவில்லை. காற்றாலை விற்ற சென்னை என்.இ.பி.சி. குழுமம், காற்றில்தான் பணம் என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு விமானக் கம்பெனியே தொடங்கிவிட்டது. 1997-ல் அந்த விமானங்கள் தரையிறங்கின. பிறகு ஏறவில்லை.

அதற்குள் ஆப்பு வைத்தவர் வெளியூர்க்காரரில்லை, அன்றைய சிவகங்கை எம்.பி. 1996 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் குறைந்தபட்ச மாற்று வரியைக் கொண்டுவந்தார். கணக்கில் லாபம் காட்டிவிட்டு வரி கட்டாத கம்பெனி, அந்த லாபத்தில் 30 விழுக்காட்டையாவது வருமானமாக ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று எப்போதும் போலத்தான் அடித்தது. காற்றாலை வியாபாரம் படுத்துவிட்டது.

சின்ன முதலீட்டாளரின் முறை 2005-ல் வந்தது. சூரத்தில் துணி வியாபாரத்துக்குக் கரண்ட் பில் கட்டி மாளாமல் காற்றாலை வாங்கி, பின்பு அதையே தொழிலாக்கிய துளசி தாந்தியின் சுஸ்லான், பங்கு 510 ரூபாய்க்கு வெளியிட்டது. 2008 தொடக்கத்தில் அது 2,000-ஐத் தாண்டியபோது, காற்றாலையைச் சினிமாப் பாட்டில் மட்டுமே பார்த்தவரெல்லாம் டீக்கடையில் மெகாவாட் பேசினார்கள். ஜெர்மனியின் ரீபவர் கம்பெனியை வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது யார் கண்ணிலும் படவில்லை. 2020 மார்ச்சில் பங்கு 2 ரூபாய்க்கும் கீழே. நடுவில் ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்திருந்தார்கள். ஆகவே 510 போட்டவருக்கு மிஞ்சியது 2 ரூபாய் இல்லை, கிட்டத்தட்ட 10. ஆறுதலுக்கு டீ குடிக்கலாம்.

மில்காரர்களும் சும்மா இல்லை. தேய்மானச் சலுகை நூறிலிருந்து 80 விழுக்காடாகக் குறைந்த காலத்திலும் முகூர்த்தம் நடந்தது. 2012-ல் அதை நிறுத்தினார்கள். நாட்டில் புதிதாக நடப்பட்ட காற்றாலைகள் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய பாதியாயின. 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2017-ல் 40 ஆக்கினார்கள். அதே 40 சோலாருக்கும் உண்டு. ஆடிட்டர் இப்போதெல்லாம் மில்லுக்கு வந்தால் முதலாளியைப் பார்ப்பதற்கு முன் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்.